குஞ்ச மரவட்டையை இனம் காண்பது எப்படி: முதலில் காலை எண்ணுங்கள்

மரவட்டை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மழைக்காலத்தில் வாசற்படியில் ஊர்ந்து வரும் ரயில்பூச்சிதான். ஓடு கெட்டியாக, பளபளப்பாக இருக்கும், தொட்டால் சுருண்டுகொள்ளும். நான் இங்கே சொல்லப்போவது அதன் சொந்தக்காரரைத்தான், ஆனால் ஜாடை துளிகூட இருக்காது. நீளம் 2 அல்லது 3 மில்லிமீட்டர். கெட்டியான ஓடு கிடையாது. பக்கவாட்டில் கொத்துக்கொத்தாக மயிர், வாலில் வெள்ளியாக மின்னும் ஒரு குஞ்சம். முதல் தடவை பார்ப்பவர்கள் இதை மரவட்டை என்றே நம்பமாட்டார்கள்.

உயிரின வகைப்பாட்டில் இதன் குடும்பத்துக்குப் பெயர் பாலிக்ஸெனிடே. தமிழில் இதற்கென்று புழக்கத்தில் ஒரு பெயரை நான் கேட்டதில்லை. அதனால் குஞ்ச மரவட்டை என்று சொல்லிவருகிறேன், இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன். ஐரோப்பாவில் பாறையிலும் மரப்பட்டையிலும் வாழும் பாலிக்ஸெனஸ் லாகுரஸ் என்ற இனம்தான் இந்தக் குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்டது. வெப்பநாடுகளிலும் இந்தக் குடும்பத்துக்கு நிறைய உறவுகள் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அதில் அடக்கம். ஆக, இதைப் பார்க்க நீங்கள் எங்கேயும் பயணம் போகவேண்டியதில்லை.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. ஓவியம் வரையும் மிக மெல்லிய தூரிகை ஒன்று. ஒரு வெள்ளைத் தட்டு. மூடியோடு, அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பா. செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். குடும்பம்வரை போக இவ்வளவு போதும். அதன் உட்பிரிவான பேரினம், அதற்கும் உள்ளே இனம் என்று இறங்கும்போதுதான் நூறு மடங்குக்கு மேல் காட்டும் நுண்ணோக்கி தேவைப்படும்.

இடுக்கியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தப் பூச்சியின் மயிர் பிடித்தால் கழன்றுவிடும், அதுவும் வேண்டுமென்றேதான் கழற்றும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தூரிகையின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, லேசாகத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும்.

எங்கே தேடுவது

பாசியும் மரப்பாசியும் படர்ந்த இடம்தான் இதன் சாப்பாட்டுக் கூடம். மரப்பட்டை, கல், பழைய சுவர் ஆகியவற்றின் மேல் படிந்த பச்சையைச் சுரண்டித் தின்கிறது. செதில் செதிலாக உரியும் பட்டை உள்ள வயதான மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அடியில் வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, தளர்ந்து தொங்கும் செதிலை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். இலைச்சருகிலும் கிடைக்கும், ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்குப் பட்டைதான் சுலபம். சருகில் கண்ணைக் குழப்பும் ஜீவராசிகள் ஏராளம்.

சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. தெருவோர மரமும் வீட்டுச் சுவருமே தாராளமாகப் போதும்.

நான் முதலில் பார்த்தது ஒரு புளியமரத்தில். செதிலைத் தூக்கியதும் சாம்பல் துகள் விழுந்த மாதிரி இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்தத் துகளுக்கு வால் இருந்தது, அது நடந்தது. செதிலின் அடிப்பக்கத்தில் இன்னும் ஏழெட்டு. ஒன்றைக் கண்டால் பக்கத்தில் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

எதோடு குழம்பும்

கம்பளத்தையும் பட்டுத்துணியையும் அரிக்கும் ஒரு வகை வண்டின் புழுவும் இதே அளவில், மயிர்க்கொத்தோடு, வாலில் குஞ்சத்தோடு இருக்கும். வீட்டுச் சுவரில் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் புழுதான். அதற்கு மூன்றே ஜோடிக் கால், எல்லாம் முன்பக்கத்தில். குஞ்ச மரவட்டைக்கு உடம்பு நெடுகக் கால் இருக்கும். திருப்பிப் பார்த்தால் ஒரு நொடியில் சந்தேகம் தீர்ந்துவிடும். சருகில் இருக்கும் பாரோபாட் என்ற இன்னொரு குட்டிப் பிராணிக்கு உணர்கொம்பு கிளைவிட்டிருக்கும், உடம்பில் இப்படி அடர்ந்த மயிர்க்கொத்து இருக்காது.

முதல் வேலை: கால் எண்ணுவது

இந்த ஒன்றை நீங்கள் விட்டுவிட்டால் மீதி எல்லாமே தப்பாகப் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாலிக்ஸெனிடே குடும்பத்தின் வளர்ந்த பிராணிக்கு, சில விதிவிலக்குகள் போக, 13 ஜோடிக் கால். முட்டையிலிருந்து வெளிவரும்போது 3 ஜோடிதான் இருக்கும். தோலுரிக்கத் தோலுரிக்க உடம்பில் வளையம் கூடும், காலும் கூடும்: 3, 4, 6, 8, 10, 12, கடைசியில் 13. அதற்குப் பிறகும் தோல் உரிக்கும், ஆனால் கால் கூடாது. ரயில்பூச்சியும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் சேர்த்து வளர்கிறது, ஆனால் அது போய் நிற்கும் எண்ணிக்கை எவ்வளவோ பெரியது.

இதன் பொருள் என்ன? உங்கள் தட்டில் விழுந்த ஏழெட்டில் 8 ஜோடிக் கால் உள்ளது ஒன்று, 12 ஜோடி உள்ளது ஒன்று, 13 உள்ளது ஒன்று என்று இருந்தால் மூன்று இனம் கிடைத்துவிட்டதாக நினைக்கக்கூடாது. ஒரே இனத்தின் குழந்தை, பிள்ளை, பெரியவர் என்பதுதான் பெரும்பாலும் உண்மை. நானும் 10 ஜோடிக் கால் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இனவிளக்கங்களோடு ஒப்பிட்டு அலைந்தேன். எதோடும் பொருந்தவில்லை. அது குஞ்சு என்பது உறைத்த பிறகுதான், கால் எண்ணாமல் வேறு எந்த உறுப்பையும் பார்ப்பதில்லை என்ற பழக்கம் வந்தது. இனவிளக்கங்கள் பெரும்பாலும் வளர்ந்த பிராணியை வைத்தே எழுதப்படுகின்றன. கண்ணின் எண்ணிக்கையிலிருந்து உணர்கொம்பின் நுண்ணுறுப்புவரை குஞ்சில் மாறியிருக்கலாம்.

எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்தப் பிராணி கண்ணாடியில்கூட வழுக்காமல் நடக்கும், தலைகீழாகவும் நடக்கும். இதன் காலமைப்பையும் நடையையும் சிட்னி மாண்டன் என்ற விலங்கியலாளர் 1956-ல் விரிவாக எழுதினார். நமக்கு இந்தத் திறமை வசதியாகப் போகிறது. தெளிவான டப்பாவுக்குள் விட்டு மூடுங்கள். அது அடிப்பரப்பில் நடக்கும்போது டப்பாவைத் தூக்கி, கீழிருந்து செல்போனில் பத்து நொடி வீடியோ எடுங்கள். அப்புறம் வீடியோவை நிறுத்தி, தலையிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கக் காலை மட்டும் எண்ணுங்கள். நடக்கும்போது நேரில் எண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வரும். மூன்று வெவ்வேறு காட்சிகளில் ஒரே எண் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே காட்சியில் இன்னொன்றும் தெரியும். முன்வளையங்களில் வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், பின்னால் போகப் போக வளையத்துக்கு இரண்டு ஜோடி. ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடி என்பதுதான் மரவட்டை வகுப்பின் அடையாளம், டிப்ளோபோடா என்ற வகுப்புப் பெயரே அதைத்தான் சொல்கிறது. பூரானுக்கு எங்கே பார்த்தாலும் வளையத்துக்கு ஒரு ஜோடிதான். இத்தனை மயிருக்கு நடுவிலும் இது மரவட்டைதான் என்பதற்கு அந்தக் கால்களே சாட்சி.

தலை

13 ஜோடி உறுதியானதும் தலைக்கு வாருங்கள். தலையின் இரண்டு பக்கமும் சின்ன மேடு, அதில் சில எளிய கண்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கைலென்ஸில் ஒரே கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். தனித்தனியாக எண்ண நுண்ணோக்கி வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு பக்கமும் மூன்று நீண்ட மெல்லிய மயிர்கள் குழியிலிருந்து எழுந்து நிற்கும். காற்றின் சின்ன அசைவைக்கூட உணர்வதற்கானவை இவை. இந்த மூன்றும் எப்படி அமைந்திருக்கின்றன, மூன்றும் ஒரே தடிமனா என்பது பேரினத்தைப் பிரிக்க உதவும்.

உணர்கொம்பில் எட்டுக் கணு. நுனியில் நான்கு கூம்புகள். இனம் பிரிப்பவர்கள் கண் வைத்திருப்பது ஆறாவது கணுவில். அங்கே குச்சி போன்ற தடித்த உணர்வுறுப்புகள் இருக்கும். எத்தனை, எந்த வரிசையில், எது நீளம் என்பதை வரைந்துகொள்ள வேண்டும். வாயின் கீழ்ப்பக்கத் தட்டில் இரண்டு ஜோடி உணர்விரல்கள் உண்டு, அதன் நுனிப் புள்ளிகளையும் எண்ணுவார்கள். இது நல்ல நுண்ணோக்கியில், ஸ்லைடில் பதித்த பிராணியில் மட்டும் முடிகிற வேலை. புதியவர் இப்போதைக்கு இதைத் தாண்டிப் போகலாம்.

மயிரும் வாலும்

உடம்பின் ஒவ்வொரு வளையத்துக்கும் முதுகில் ஒரு தகடு. தகட்டின் பக்கங்களில் திட்டாகவும் பின்விளிம்பில் வரிசையாகவும் மயிர்கள். இவை ரோமம் மாதிரி வழுவழுப்பாக இருக்காது. ஓரம் முழுக்க ரம்பப்பல் போன்ற முட்கள். பக்கவாட்டுக் கொத்துகள் தனி. மேலிருந்து பார்க்கும்போது பூச்சிக்கு அகலம் கொடுப்பது அந்தக் கொத்துகள்தான், உள்ளே இருக்கும் உடம்பு மெலிசு.

வால் குஞ்சம்தான் இந்த உயிரின் ஆயுதம். மற்ற மரவட்டைகள் பலவும் உடம்பின் பக்கத் துளைகளிலிருந்து காரமான, நாற்றமடிக்கும் திரவத்தை விட்டு எதிரியை விரட்டுகின்றன. பாலிக்ஸெனிடேக்கு அந்தச் சுரப்பி கிடையாது. கெட்டி ஓடும் கிடையாது. எறும்பு வந்தால் என்ன செய்யும்? தாமஸ் ஐஸ்னர், மரியா ஐஸ்னர், மார்க் டெய்ரப் மூவரும் ஃப்ளோரிடாவில் வாழும் பாலிக்ஸெனஸ் ஃபாசிகுலேட்டஸ் என்ற இனத்தை வைத்து இதற்கு விடை கண்டு 1996-ல் வெளியிட்டார்கள். எறும்பு தாக்கினால் இது வாலைத் திருப்பி, குஞ்சத்தை விரித்து எறும்பின் மேல் தேய்க்கிறது. குஞ்ச மயிரின் நுனியில் கொக்கி. அது எறும்பின் மயிரில் மாட்டிக்கொண்டு, வாலிலிருந்து கழன்றுவிடும். எறும்பு அதைத் துடைத்தெடுக்கப் பார்க்கும். துடைக்கத் துடைக்க, தண்டில் இருக்கும் முட்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எறும்பின் காலையும் வாயையும் கட்டிப்போடும். சில எறும்புகள் அந்தச் சிக்கலிலேயே செத்துப்போயின. குஞ்ச மரவட்டை தன் வழியில் நடந்து போய்விடும்.

இடுக்கி வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். நீங்கள் இடுக்கியால் பிடித்தால் அதற்கு நீங்களும் எறும்புதான். குஞ்சம் உங்கள் இடுக்கியில் இருக்கும், அடையாளம் காண எது வேண்டுமோ அது போய்விட்டிருக்கும். ஏற்கெனவே சண்டை போட்டுக் குஞ்சம் இழந்த பிராணியும் கிடைக்கலாம். குஞ்சம் மெலிந்திருக்கிறது என்பதை வைத்து வேறு இனம் என்று முடிவு கட்டாதீர்கள். காலை முதலில் எண்ணச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்: மயிர் கழலும், கால் அப்படிக் கழலாது.

பெண்ணுக்கு இந்த மயிர் வேறொரு காரியத்துக்கும் ஆகும். முட்டையிட்டதும் வால்மயிரால் அதைச் சுற்றி மூடிவைக்கிறது. பட்டையின் அடியில் பஞ்சு ஒட்டிய மாதிரி சின்னப் பொட்டலம் தெரிந்தால் தொடாமல் செதிலை இறக்கிவிடுங்கள்.

ஆணா பெண்ணா

இரண்டாவது ஜோடிக் காலின் அடியைப் பாருங்கள். இனப்பெருக்க உறுப்புகள் அங்கேதான். ஆணில் இரண்டு கூம்புகள். கூடவே 8, 9-ஆம் ஜோடிக் கால்களின் அடியில் ஆணுக்குச் சுரப்பித் துளைகளும் இருக்கும். நுண்ணோக்கி இல்லாமல் இது தெரியாது.

மற்ற மரவட்டைகளில் ஆணின் ஏழாவது வளையத்துக் கால்கள் பெரும்பாலும் விந்து கொடுக்கும் கருவியாக மாறியிருக்கும். பூட்டுக்குச் சாவி மாதிரி இனத்துக்கு இனம் அது வேறுபடும். மரவட்டை வகைப்பாட்டில் பெரும்பகுதி அந்த ஒரு உறுப்பின் வடிவத்தை நம்பியே நிற்கிறது. குஞ்ச மரவட்டைக்கு அது இல்லை. ஆண் பட்டை இடுக்கில் நூல் நூற்று, சின்ன வலை பின்னி, அதில் விந்துத் துளிகளை வைத்துவிட்டுப் போய்விடும். பெண்ணுக்கு வழிகாட்டவும் தனியாக நூல் இழுத்து வைக்கும். பெண் நூலைத் தொடர்ந்து வந்து எடுத்துக்கொள்ளும். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. ஷோமன் என்ற ஆய்வாளர் 1956-ல் இதை விவரமாகப் பதிவு செய்தார்.

வகைப்பாட்டுக்காரர்களுக்கு இதனால்தான் சிரமம். பூட்டும் சாவியும் இல்லாததால் உணர்கொம்பு, கண், கால் நகம், வால்கொக்கி என்று நுணுக்கமான உறுப்புகளையே பிடித்துத் தொங்கவேண்டியிருக்கிறது. இன்னொன்று: ஐரோப்பாவின் வடபகுதியில் பாலிக்ஸெனஸ் லாகுரஸின் கூட்டங்கள் பல பெண்களால் மட்டுமே ஆனவை, ஆண் இல்லாமலே பெருகுகின்றன. அங்கே ஆணைத் தேடி நாளைக் கழிப்பதில் பயனில்லை.

குடும்பத்தை முடிவுசெய்வது

மரவட்டை வகுப்பில் இன்று வாழ்பவை இரண்டு துணைவகுப்புகள். சுண்ணாம்பேறிய கெட்டி ஓட்டோடு இருப்பவை ஒன்று, நம் ரயில்பூச்சி உட்பட ஆயிரக்கணக்கான இனங்கள் அதில். மெத்தென்ற தோலும் மயிர்க்கொத்தும் உள்ளவை இன்னொன்று, பெனிசில்லாட்டா. இலத்தீனில் தூரிகைக்கான சொல்லிலிருந்து வந்த பெயர். பெனிசிலின் தந்த பூஞ்சையின் பெயருக்கும் அதே வேர்தான். இன்று வாழும் பெனிசில்லாட்டா அத்தனையும் பாலிக்ஸெனிடா என்ற ஒரே வரிசைக்குள் அடங்கும். அந்த வரிசையில் நான்கு குடும்பங்கள்.

உங்கள் கையில் இருப்பது எந்தக் குடும்பம்? வாலின் பின்பக்கத்தைப் பாருங்கள். மேலே அலங்காரம் போல ஒரு மயிர்த்தொகுதி, அதன் கீழே இடமும் வலமுமாக இரண்டு குஞ்சங்கள் என்றால் பாலிக்ஸெனிடே. வால் முழுவதும் ஒரே தூரிகையாகத் திரண்டிருந்தால் லோஃபோப்ராக்டிடே பக்கம் போகவேண்டும். கண்ணே இல்லாத, குகையிலும் மண்ணுக்குள்ளும் வாழும் லோஃபோப்ராக்டஸ் பேரினம் அங்கேதான் இருக்கிறது. கால் 13 ஜோடியைத் தாண்டி 15, 17 என்று போனால் அது சின்க்ஸெனிடே. அந்தக் குடும்பத்தின் ஃப்ரிஸோனோட்டஸ் பேரினத்துக்கு 17 ஜோடிக் கால், முதுகில் செதில் போல அகன்ற மயிர்கள். தூரிகையால் தொட்டதும் துள்ளிக் குதித்தால் அதுவும் சின்க்ஸெனிடேக்கு நல்ல அறிகுறி. மரவட்டை குதிக்கும் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது. ஆனால் சின்க்ஸெனிடேயின் குஞ்சுகளும் குறைந்த கால்களோடுதான் வளர்கின்றன, அதனால் காலையும் வாலையும் சேர்த்தே பாருங்கள். நான்காவது ஹைப்போஜெக்ஸெனிடே, ஒரே பேரினம், அரிது.

நான்கில் மிகப் பெரியது பாலிக்ஸெனிடேதான். அதன் பேரினங்களைப் பிரிக்க மெகன் ஷார்ட், வார்பு வஹ்தெரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017-ல் வெளியிட்ட திறவுகோல், அதாவது உறுப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பெயரை அடைய உதவும் பட்டியல், இருக்கிறது. நுண்ணோக்கி வாங்கிய பிறகு அதைக் கையில் எடுங்கள். அதற்கு முன்னால் பேரினப் பெயரை ஊகித்து எழுதாதீர்கள். "பாலிக்ஸெனிடே, 13 ஜோடி, இனம் தெரியவில்லை" என்று எழுதுவது முழுமையான, பயனுள்ள பதிவு.

பெயர்களின் வரலாறு சுருக்கமாக. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-ல் ஐரோப்பாவின் பாலிக்ஸெனஸ் லாகுரஸைப் பூரான்களோடு சேர்த்து ஸ்கோலோபெண்ட்ரா லாகுரா என்று பெயரிட்டார். லாகுரா என்றால் முயல்வால். வாலைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். பிறகு லாட்ரெய் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதைப் பூரானிலிருந்து பிரித்து பாலிக்ஸெனஸ் என்ற பேரினம் ஆக்கினார். ஆனால் இந்த உயிரின் வயது பெயருக்கு எட்டாதது. பர்மிய அம்பரில், ஏறக்குறைய 9.9 கோடி ஆண்டு பழைய மரப்பிசினுக்குள், மயிர்க்கொத்தும் குஞ்சமுமாக இந்த வரிசையின் பிராணிகள் கிடைத்திருக்கின்றன. லெபனான் அம்பரில் இன்னும் பழையவை உண்டு.

பதிவு

புகைப்படம் நான்கு கோணத்தில் வேண்டும்: மேலிருந்து முழு உடம்பு, கீழிருந்து கால்கள், தலை, வாலின் பின்பக்கம். கடைசியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், குடும்பத்தைச் சொல்வது அதுதான். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள்.

மாதிரி எடுத்துவைக்க வேண்டியிருந்தால் இரண்டு மூன்று போதும், 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். நாள், ஊர், மரத்தின் பெயர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், கால் ஜோடி எண்ணிக்கை ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அந்தத் தாளையும் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். மற்றவற்றை எடுத்த மரத்திலேயே, எடுத்த செதிலுக்கு அடியிலேயே தூரிகையால் இறக்கிவிடுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும், பிறகு உணர்கொம்பால் பட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இடுக்குக்குள் போய்விடும்.